கராமாவில் ரோமாபுரிச் சிப்பாய்கள்

அல்வாப் பொட்டலத்தைப் பிரித்ததுதான் துபாயில் நான் செய்த முதல் குற்றம். மெட்ரோவில் பெண்கள் பகுதியில் இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன், பசித்தது. கைப்பைக்குள்ளிருந்து எடுத்து ஒரு விள்ளல்கூட வாயில் போட்டிருக்க மாட்டேன். அடுத்த பகுதியில் நின்றுகொண்டிருந்த ஹனீபாவின் முகம் வெளிறியது.

"டீச்சர், உள்ள வைங்க! இங்க தின்னா ஃபைன்!"

என்னைக் காப்பாற்றுகிற அவசரத்தில் தரையிலிருந்த இளஞ்சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓரடி உள்ளே வந்துவிட்டார். எங்கிருந்துதான் முளைத்தாரோ, ஒரு சீருடைக்காரர் வந்து நின்றார். அல்வா தின்னப் பார்த்த நான் தப்பித்தேன். பெண்கள் பகுதிக்குள் கால் வைத்த குற்றத்துக்கு ஹனீபா அபராதம் கட்டினார். எங்கள் ராமநாதபுரம் பஸ்ஸில் வெள்ளரிப் பிஞ்சும் அவித்த கடலையும் ஏறிய பிறகுதான் கண்டக்டரே ஏறுவார். இங்கே ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது, ஆனால் அல்வாவைப் பார்க்க ஆள் இருக்கிறது.

ஹனீபா என் பழைய மாணவி ரஸியாவின் கணவர். கீழக்கரைக்காரர், கராமாவில் பகாலா வைத்திருக்கிறார். நம் ஊர் மளிகைக் கடைக்கு வளைகுடாவில் அதுதான் பெயர். நான் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியை. ரஸியா என் வகுப்பில் கடைசி பெஞ்ச். ரோமாபுரி தீப்பற்றிய கேள்விக்குப் பாடலிபுத்திரத்தை எரித்து விடை எழுதியவள். அப்படிப்பட்டவள் போன் செய்து, "மிஸ், எங்க ஊர்க்காரங்க குடும்ப விழா வருது. நீங்க வந்து பேசணும். ரோம் ராணுவச் செலவால கெட்டுப்போன கதை" என்றபோது அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்தேன். வாத்தியார்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

*

அவர்கள் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே ஹனீபாவின் கடை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், நேர் எதிரே, இன்னொரு பகாலா. ஹனீபாவின் கடை வாசலில் பச்சைச் சட்டை போட்ட பையன்கள் வரிசையாக மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கடை வாசலில் சிவப்புச் சட்டை. நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பலகையில் சமையல் எண்ணெய் விலையை அழித்து எழுதினார். சற்று நேரத்தில் ஹனீபாவும் வெளியே வந்து தன் பலகையை அழித்து எழுதினார்.

"எதிர்க்கடை யாருது?" என்று ரஸியாவைக் கேட்டேன்.

"அது யாரோ" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் கேன் கொண்டுவந்த முருகேசனிடமிருந்து விஷயம் தெரிந்தது. பரமக்குடிக்காரன், முப்பது வயதுக்கு மேலிருக்கும், மீசையை நன்றாக வைத்திருந்தான்.

"அதுவா மேடம்? சுல்தான் பாய் கடை. எங்க முதலாளியோட கூடப்பொறந்த அண்ணன்."

"அண்ணனா!"

"முன்னாடி ரெண்டு பேரும் ஒரே கடைதான். அவங்க வாப்பா இறந்துபோனாரு. போன்ல ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்பணும்னாரு தம்பி. வாடிக்கைக்காரன் கடைக்கு வந்து முகம் பாக்கணும்னாரு அண்ணன். அதுல முட்டிக்கிட்டாங்க. தம்பி எதிர்ல கடையப் போட்டு நாலு பைக்கை விட்டாரு. அண்ணன் ஆறு விட்டாரு. அதுக்கப்புறம் எண்ணிக்கையே இல்ல."

"வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னவர் எதுக்கு பைக் விட்டார்?"

"அத யாரு கேக்குறது?"

அவன் சொன்ன மீதிக் கதை எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. இவன் முதலில் பச்சையில் இருந்தான். அண்ணன் கூடச் சம்பளம் தருவதாகச் சொல்லவும் சிவப்புக்குப் போனான். தம்பி அதற்கு மேலே தருவதாகச் சொல்லவும் பச்சைக்குத் திரும்பினான். இரண்டு கடைக்கும் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான அரபி, ஒருவரே என்பதால் சட்டை மாற்றுவதில் பெரிய சிக்கலில்லை. அந்த அரபி காலையில் ஒரு கடையிலும் மாலையில் இன்னொரு கடையிலும் தேநீர் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாராம்.

"உங்களுக்கென்ன, கொண்டாட்டம்தானே?" என்றேன்.

"கூடத் தர்றேன்னு சொல்றாங்க மேடம். கைக்கு வர்றதுக்குத்தான் மாசம் தாண்டிருது. எண்ணெய நஷ்டத்துக்கு வித்தா எங்கேருந்து தருவாங்க?" கேனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். "லீவும் மாஃபி, கிடையாது. நான் ஊருக்குப் போனா எதிராளிக்குப் பலம் கூடிருமாம்."

ரோமாபுரியின் மெய்க்காவல் படைகூட இதைவிட விவரமாகப் பேசியிருக்காது.

*

அன்று காலையிலேயே அடுத்த போர்முனையில் மாட்டிக்கொண்டேன். ரஸியா இடியாப்பமும் கறியாணக் குழம்பும் வைத்திருந்தாள். பாதி சாப்பிடும்போது எதிர்க்கடைச் சிவப்புச் சட்டை ஒருவன் பெரிய தூக்கோடு வந்து நின்றான். "சுல்தான் பாய் டீச்சருக்குக் கொடுத்துவிட்டாங்க." திறந்தால் நெய்ச்சோறு, தொதல் இனிப்பு, பொரித்த மீன். ஹனீபா பார்த்தார். கடைக்குப் போனவர் ஒரு முழுக் கோழியை அனுப்பினார். நெய்யும் தேங்காய்ப்பாலும் வயிற்றுக்குள் நடத்திய சண்டையில் எந்தத் தரப்பு வென்றதென்று எனக்குத் தெரியாது. நாடு நாசமானது மட்டும் தெரியும்.

சுல்தான் நேரிலும் வந்தார். ஹனீபாவின் வாசற்படி மிதிக்க மாட்டாராம், ஆகவே லிஃப்ட் அருகே நின்று போன் செய்தார். வெளுத்த தாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "டீச்சர், ரோமாபுரிக் காசு இந்தப் பக்கம் தோண்டி எடுத்திருக்காஹளாம். ஷார்ஜா தாண்டி ஒரு மியூசியம் இருக்கு. பார்த்துட்டு வரலாம். நம்ம வீட்லயும் வர்றாஹ" என்றார். அவர் மனைவி காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வழிநெடுகப் பாலைவனத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். பார்த்ததெல்லாம் கிடங்குகள், கார் பழுது பார்க்கும் கொட்டகைகள், மறுபடி கிடங்குகள். சுல்தானின் போன் ஓயவேயில்லை. ஒரு பைக் பஞ்சர், ஒருவன் காய்ச்சல், ஒருவன் பச்சைக்குப் போய்விட்டான்.

"போனா கல்லி வல்லி! ரெண்டு பேரைப் புதுசா எடு" என்று போனில் கத்தினார். கல்லி வல்லி என்றால் கிடக்கட்டும், விடு என்று அர்த்தம். அவருக்கு எதையும் விடுகிற முகம் இல்லை.

தம்பி பெயரை ஒரு தடவைகூட அவர் உச்சரிக்கவில்லை. "எதிர்க்கடைக்காரர்" என்றார். "எதிர்க்கடைக்காரருக்குச் சின்ன வயசுல வீசிங் உண்டு டீச்சர். இந்தத் தூசிக்காலத்துல ஷட்டர்கிட்டயே நிக்கிறார்" என்றார் ஒருமுறை. பின் இருக்கையிலிருந்து அவர் மனைவி இருமினார். அது இருமலில்லை என்று எனக்குப் பட்டது.

மியூசியம் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற மனிதர், ஜும்மா நேரத்தை மறந்துவிட்டார். "எல்லாம் இந்த பைக்கால" என்று தலையில் கைவைத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஓடினார். வெயில் கொளுத்திய கொளுத்தலில் வாகனத்தின் ஏசிதான் எங்களைக் காப்பாற்றியது. நானும் அவர் மனைவியும் பேரீச்சம்பழம் தின்றோம்.

"டீச்சர், நாளைக்குக் கூட்டத்துல நல்லா உறைக்கிற மாதிரி பேசுங்க" என்றார் அந்த அம்மா.

"எது உறைக்கணும்?"

"ரோமாபுரிதான்" என்றார், கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றியபடி.

காசைப் பார்க்காமலே திரும்பினோம். வழியில் ஒரு பட்டாணியர் உணவகத்தில் ரொட்டி தின்றோம். போர்வை மாதிரி இருந்தது. மூவருக்கும் ஒன்று போதும். சுல்தான் மூன்று சொன்னார்.

*

சனிக்கிழமை மாலை விழா. ஒரு பள்ளிக்கூட அரங்கம். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், குழந்தைகள் எல்லாப் புறமும். குழந்தைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் சண்டை போட்டு, அம்மாவிடம் தமிழில் புகார் செய்தார்கள். ஹனீபா முன்வரிசை இடக்கோடி, சுல்தான் முன்வரிசை வலக்கோடி. நடுவே இருந்த நாற்காலிகளில் யாரும் உட்காரத் துணியவில்லை.

பேரரசுகள் ஒரே காரணத்தால் விழுவதில்லை என்று ஆரம்பித்தேன். கொள்ளைநோய் உண்டு, எல்லை தாண்டி வந்தவர்கள் உண்டு, வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் பேசப்போவது ஒன்றைப் பற்றி மட்டும்: படைக்குக் கொட்டிய பணம்.

"புதுசா அரசனாகிறவன் முதல்ல சிப்பாய்க்குப் பரிசு தரணும். தரலைன்னா அடுத்தவன் தருவான், சிப்பாய் அங்கே போயிடுவான். ஒரு சமயம் மெய்க்காவல் படையே சிம்மாசனத்தை ஏலம் விட்டிருக்கு. சம்பளத்தை ஏத்த ஏத்தக் கஜானா காலி. என்ன செய்யலாம்? வெள்ளிக் காசுல கொஞ்சம் செம்பு கலந்தாங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம். நீங்களும் நானும் வெள்ளியில செம்பு கலந்தா அதுக்கு என்ன பேர்?"

"மோசடி!" என்றது கூட்டம்.

"அரசாங்கம் கலந்தா?"

"பட்ஜெட்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கம் சிரித்தது.

நம் கரையில் தோண்டி எடுத்த ரோமாபுரி வெள்ளியில் பெரும்பாலானது கலப்படம் கூடுவதற்கு முந்தைய காலத்துக் காசு என்றேன். கலப்படக் காசை நம் ஊர் வியாபாரி வாங்க மறுத்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். வியாபாரிகள் நிறைந்த சபை, ஊகத்துக்கே பலமாகக் கை தட்டியது. கடைசியில் வெள்ளி முலாம் பூசிய செம்புதான் மிஞ்சியது. விலைவாசி ஏறியது, சிப்பாய் இன்னும் கேட்டான். காசுக்கு மதிப்பில்லாமல் போனதும் அரசு கோதுமையை எடுத்தது, எண்ணெயை எடுத்தது, கோவேறு கழுதையைக்கூட விடவில்லை. நிலத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிய உழவர்களும் உண்டு. காவலுக்கென்று வைத்த படைக்குத் தீனி போட்டே, காக்க வேண்டிய நாடு மெலிந்தது.

முடித்துக்கொள்ளலாம் என்று தண்ணீரை எடுத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ரஸியா எழுந்தாள்.

"மிஸ், அந்த அண்ணன் தம்பி கதையை விட்டுட்டீங்களே. கிளாஸ்ல சொன்னீங்களே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைசி பெஞ்ச்காரிக்கு வரலாற்றின்மேல் திடீர்ப் பாசம் எதுவும் வந்துவிடவில்லை. என்னைக் கடல் தாண்டிக் கூட்டி வந்ததே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். இரண்டு சகோதரர்களும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவலாம். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவதற்கு நான் யார்? அவர்கள் வீட்டுச் சோறுதான் வயிற்றில் இருக்கிறது. இரண்டு வீட்டுச் சோறும். ஆனால் ரஸியா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்தபடி நின்றாள். பரீட்சை அறையில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

சொன்னேன்.

"ஒரு பேரரசன், குளிர் தேசத்துல போர்முனையில சாகக் கிடந்தான். ரெண்டு மகன்களையும் கூப்பிட்டு, ஒத்துமையா இருங்க, சிப்பாய்க்கு வாரிக் கொடுங்க, மத்தவங்களைப் பத்திக் கவலைப்படாதீங்கன்னு சொன்னதா எழுதி வச்சிருக்காங்க. மகன்கள் சிப்பாய்க்கு வாரிக் கொடுத்தாங்க. ஒத்துமையை மட்டும் விட்டுட்டாங்க. ஒரே அரண்மனையை ரெண்டாப் பிரிச்சு நடுக்கதவையெல்லாம் அடைச்சாங்களாம். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு வாசல், ரெண்டு காவல். கடைசியில அண்ணன் தம்பியைக் கொன்னான். அம்மா கைக்குள்ள வச்சே."

ஒரு குழந்தை, "வொய்?" என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

சுல்தான் எழுந்தார். மைக் வேண்டாமென்று கையசைத்தார்.

"டீச்சர், தம்பி போனதுக்கப்புறம் அந்த அண்ணனுக்குச் செலவு குறைஞ்சுதா?"

"இல்ல. கூடிச்சு. செஞ்சதைச் சிப்பாய்க பொறுத்துக்கணும்னு அவங்களுக்கு இன்னும் வாரிக் கொடுத்தான். சம்பளத்தையும் ஏத்தினான்."

"கடைசியில?"

"அவனைக் கொன்னவனும் அவனோட படைக்காரன்தான்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். இடக்கோடியில் ஹனீபா எழுந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

*

கூட்டம் முடிந்து சாப்பாடு. கீழக்கரை வழக்கப்படி சஹனில், அதாவது நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் சஹனில் நான், ரஸியா, சுல்தானின் மனைவி. அண்ணன் மனைவியை இவர்கள் மச்சி என்பார்கள். எதிரிகளாயிற்றே என்று நான் நடுவில் உட்காரப்போனால், ரஸியா என்னைத் தள்ளிவிட்டு மச்சியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கறித்துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?"

"ஒரே பில்டிங்தானே, லிஃப்ட்ல பேசுவோம் மிஸ். தினமும் மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருப்போம். ஜனங்க லிஃப்ட் ரிப்பேர்னு நெனைப்பாங்க."

"உங்களைக் கூப்பிடணும்கிறது யாரு ஐடியான்னு நினைக்கிறீங்க?" என்றார் மச்சி, எலும்பை உறிஞ்சியபடி. "இவ சொன்ன கதைதான். ஆனா வாத்தியார் வாயால வந்தாத்தான் இவ்ஹளுக்கு ஏறும்னு நான் சொன்னேன்."

இரண்டு பேரரசுகளின் வெளியுறவு இலாகாவும் ஒரே லிஃப்டில் இயங்கியிருக்கிறது. நான் அதன் கூலிப்படை.

"ஹனீபா கோபமாப் போயிட்டாரே" என்றேன். ரஸியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அழ வந்தா எந்திரிச்சுப் போயிடுவாக மிஸ். வாப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணப்பவும் அப்படித்தான் போனாக." சொல்லிவிட்டு அவளும் எழுந்து கை கழுவப் போனாள். சோற்றைப் பிசைந்திருந்தாளே தவிர ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

*

ஞாயிறு காலை ஹனீபாவின் கடையில் பேரீச்சம்பழம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹனீபா என் முகத்தைப் பார்க்காமலே நல்ல பெட்டியாக எடுத்து வைத்தார். அப்போது தெருவில் பைக் சத்தமெல்லாம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். சுல்தான் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

நான் சோப்புத் தூள் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். ஒளிந்தேன் என்றும் சொல்லலாம்.

சுல்தான் உள்ளே வந்து ஒரு பால் மாவு டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எங்கே எடுக்குற?"

"நீங்க எடுக்கிற அதே ஆளுகிட்டதான் காக்கா."

காக்கா என்றால் அண்ணன். டின்னைப் பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றது.

"எடுத்த விலைக்கும் கீழ விக்கிறியே."

"நீங்க மட்டும்?"

"வாப்பா இருந்திருந்தா ரெண்டு பேரையும் செருப்பால அடிச்சிருப்பாஹ."

"முதல்ல உங்களை."

"என்னைய ஏன்?"

"மூத்தவரு நீங்கதானே."

சுல்தான் சிரிக்கவில்லை. "ஷட்டர்கிட்ட தூசியில நிக்காதே" என்றார். பிறகு இருவரும் பின்னறைக்குப் போனார்கள். ஒரே கத்தல். ரஸியா வீட்டிலிருந்து ஓடி வந்தாள், எதிர்க்கடையிலிருந்து மச்சி ஓடி வந்தார். பின்னறைக் கதவருகே நான்கைந்து பச்சையும் சிவப்பும் கலந்து நின்றன. கேட்டால், அடிக்கப் போகிறார்கள் என்று நாங்கள் பயந்த கத்தல், கடைகளை வாடகைக்கு விட்டவன் இருவரையும் ஒரேபோல ஏமாற்றியதைக் கண்டுபிடித்த கத்தலாம்.

மதியத்துக்குள் இரண்டு பலகையும் உள்ளே போயின. எண்ணெய் பழைய விலைக்கு ஏறியது. கராமா கொந்தளித்தது. மேல்மாடி மலையாளி அம்மா என்னைப் படியில் பார்த்து, "நிங்ஙள் வந்நதினு சேஷமாணு" என்று ஏதோ சொன்னார். உங்களால்தான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. சண்டையில் வாழ்ந்தவர்களுக்குச் சமாதானம் ஒரு விலையேற்றம்.

முருகேசன் படியில் உட்கார்ந்திருந்தான். சிரிப்பில்லை. "சண்டை முடிஞ்சா முதல்ல வீட்டுக்கு அனுப்புறது சிப்பாயத்தானே மேடம்?"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. முந்தின மாலை அவ்வளவு பேசினேன், படை கலைந்தால் சிப்பாய் எங்கே போவான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே பின்னறைக்குப் போனேன். கூலிப்படைக்கும் ஒரு கோரிக்கை உண்டு, பையன்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்றேன். சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரே பதில்தான் இருந்தது: புதிதாக ஆள் எடுப்பதில்லை, இருப்பவரை அனுப்புவதில்லை, லீவு கேட்டு நிற்பவர்கள் முறைவைத்து ஊருக்குப் போய் வரட்டும். அதற்குள் எப்படியும் சிலர் வேறு கம்பெனிக்குத் தாவிவிடுவார்கள் என்றார் ஹனீபா, அனுபவத்தோடு. ஒரே தொலைபேசி எண், பைக்குகளுக்கு ஒரே பட்டறை. எது யார் கடை என்பது மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வெளியே வந்து முருகேசனிடம் சொன்னேன். அவன் உடனே நம்பவில்லை. போன தடவை நம்பியதற்கே சம்பளம் தாமதமாகத்தான் வந்தது என்றான். உள்ளே போய்த் தானே கேட்டுவிட்டு வந்தான். வந்தவன் ஊரிலிருக்கும் மனைவிக்குப் போன் போட்டு, "ஏ புள்ள, அடுத்த மாசம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தெருவில் நடந்து போனான்.

*

மறுநாள் என்னை விமான நிலையத்தில் கொண்டுவிட இருவரும் வந்தார்கள், ஒரே வேனில். ஹனீபா ஓட்டினார். பக்கத்தில் சுல்தான். பின்னால் நான், ரஸியா, மச்சி, எனக்கு இரண்டு வீடும் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதிகள்.

"இந்த ரோட்ல ஏன் போற? யல்லா, சீக்கிரம் வலது பக்கம் எடு."

"காக்கா, வலது பக்கம் ஜாம்."

"நான் வந்தப்போ இங்க ரோடே கிடையாது. எனக்கே சொல்றியா?"

"அதான் சொல்றேன், இப்ப இருக்கு."

வலதில் திரும்பினோம். ஜாம். அதற்கு யார் காரணம் என்று அடுத்த சிக்னல் வரை பேசினார்கள். பிறகு சின்ன வயதில் சைக்கிளைக் கடலுக்குள் ஓட்டியது யார் என்று பேசினார்கள். அந்தச் சத்தத்தில் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம். மறுபடி சுற்றிக்கொண்டு வர வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ரஸியா, எனக்கு விமானம் போயிடும். இவங்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்."

ரஸியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனா வேற விமானம் பிடிச்சுக்கலாம் மிஸ். பேசட்டும்."